ஏழு பேரின் வம்சமும் நான்கு நிறச் சீட்டுகளும்

கிழக்கு மலைகளின் மக்கள் – தொடர் 14: ஜமுனாமரத்தூர்

2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரிலேயே பதவிக்காலம் முடிந்துபோன ஊராட்சிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் பொறுப்பில் கிடந்த பிறகு வந்த தேர்தல் அது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை ஒன்றியத்திலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் கொடுக்கப்பட்டன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் உண்டு. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சி கிடையாது. அங்கே பூட்டும் சாவியும் ஆட்டோவும் சீப்பும் போலத் தேர்தல் ஆணையம் கொடுக்கும் பொதுச் சின்னங்கள்தான்.

கட்சி இல்லாத அந்த இரண்டு சீட்டுகளில் மலை மக்கள் எதைப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள் என்பதுதான் இந்த வாரம் நாம் பேச வேண்டியது. அதற்கு ஒரு வம்சக் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசும் மலைவாசிகள். தமிழ்நாட்டின் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரிய சமூகம் இதுதான். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, ஏலகிரி, ஜவ்வாது என்று கிழக்கு மலைகள் நெடுகப் பரவியிருக்கிறார்கள். தெற்கே உள்ள மலைகளில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று சொல்லுவார்கள். ஜவ்வாது மலையின் கதை வேறு. வடஆர்க்காடு மாவட்ட மேனுவலில் பதிவாகி, 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்ற கதை அது.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து மறுத்தார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். போகும்போது மனைவியரிடம், நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துப்போனதாக எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றிலேயே திரும்பி ஊருக்கு வந்துவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு அந்த ஏழு பேர் வீடு வந்தபோது அவர்களுடைய மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். காரியம் முடிந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறி உழவு செய்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களே மலையாளிகள்.

இந்தக் கதை நடந்ததாக மேனுவல் சொல்லும் காலம் 12-ஆம் நூற்றாண்டு. நடந்ததா இல்லையா என்று நிறுவ முடியாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தக் கதை ஒரே மூச்சில் இரண்டு செய்திகளைச் சொல்வது. நாங்கள் கீழ்நாட்டில் மதிப்போடு வாழ்ந்த குடி என்கிறது ஒன்று. கீழ்நாடு எங்களைச் செத்தவர்களாகக் கணக்குத் தீர்த்துவிட்டது என்கிறது மற்றொன்று. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள உறவில் இந்த இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. ஓட்டிலும் இருக்கின்றன.

ஏழு பேரிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படும் வம்சங்கள் மலை ஊர்களில் பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரே வம்சத்தார் பங்காளிகள். தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். மற்றவர்கள் மாமன் மச்சான் முறை. ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. பல ஊர்கள் சேர்ந்தது நாடு. நாட்டுக்கு நாட்டார் உண்டு. திருவிழா நாள் குறிப்பதும், கலியாணச் சிக்கலைத் தீர்ப்பதும், தப்புக்குத் தண்டம் போடுவதும் இந்த அமைப்பின் வேலையாக இருந்து வந்தவை. ஜவ்வாது மலை ஒன்றியத்தின் 11 ஊராட்சிகளில் ஒன்றின் பெயரே ஊர்கவுண்டனூர். திருப்பத்தூர் பக்கம் போனால் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று ஊராட்சிகளே நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பல இடங்களில் ஊராட்சியின் எல்லைக்கோடு ஏற்கெனவே இருந்த நாடுகளின் மேல்தான் விழுந்தது.

ஆகவே வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே மலையில் பாதித் தேர்தல் முடிந்துவிடும். ஊர் கூடும். “நம்ம பங்காளி வூட்டுல ஒருத்தன் நின்னா போதும், ரெண்டு பேர் நின்னா ஓட்டு ஒடஞ்சுடும் பெரியப்பா” என்று ஒரு இளைஞன் சொன்னால், “மாமன் வூட்டையும் ஒரு வார்த்தை கேளுங்கடா” என்று பெரியவர் சொல்லுவார். மலைத் தேர்தலில் கணக்குப் போடுகிறவர்கள் பங்காளி ஓட்டை முதலில் எண்ணுவார்கள். ஆனால் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மாமன் மச்சான் ஓட்டு. பங்காளிக்குள் பொறாமை உண்டு, நிலத் தகராறு உண்டு. பெண் கொடுத்த வீட்டின் மனம் கோணக் கூடாது என்ற எச்சரிக்கை அதைவிட வலியது. ஐந்து ஊர்களில் பெண் கொடுத்து எடுத்த குடும்பத்துக்கு ஐந்து ஊர்களிலும் படியேறி ஓட்டுக் கேட்க உரிமை உண்டு.

வம்சம் என்றதும் அது ஆண்களின் விவகாரம் என்று நினைப்போம். உண்மையில் இந்த வலையைப் பின்னுபவர்கள் கலியாணமாகி வேற்றூர் போன பெண்கள். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடு ஆன பிறகு அந்தப் பெண்களே வேட்பாளர்களாகவும் நிற்கிறார்கள். புகுந்த ஊரில் நிற்கிற பெண்ணுக்குப் பிறந்த ஊரின் ஓட்டும் அதே ஊராட்சிக்குள் இருந்துவிட்டால், எதிரே நிற்பவர் வெல்வது கடினம். பல இடங்களில் கணவரும் மாமனாரும் பின்னாலிருந்து நடத்துவது உண்மைதான். ஆனாலும் நாட்டார் கூட்டத்தில் ஒரு காலத்தில் உட்கார இடமில்லாதவர்கள் இன்று ஊராட்சித் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை.

வம்சத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவது படிப்பில்லாத மலைவாசிகளின் பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களை ஆராய்ந்த வி. ஓ. கீ என்ற அரசியல் அறிஞர் 1949-இல் வெளியிட்ட நூலில், வேட்பாளர் பிறந்து வளர்ந்த கவுண்டியிலும் அதைச் சுற்றியும் ஓட்டு அவருக்குக் குவிவதையும், தூரம் போகப்போகக் கரைவதையும் வரைபடம் போட்டுக் காட்டினார். நட்பும் அண்டை வீடும் பார்த்து விழும் ஓட்டு என்று அதற்குப் பெயரும் வைத்தார். டெக்சாஸ் மாநிலத்தில் ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் வாழும் கில்லெஸ்பி கவுண்டி, சுற்றுப்புறமெல்லாம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்திலும் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்தது. உள்நாட்டுப் போரின்போது முன்னோர்கள் ஒன்றியத்தின் பக்கம் நின்ற நினைவு பேரன்களின் ஓட்டில் தங்கியிருந்தது. பிறப்போடு வரும் சமயமும் இப்படியே ஓட்டில் கணக்கிடப்பட்டது. 1960-இல் கத்தோலிக்கரான கென்னடி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் போய், தன் சமயம் தன் ஆட்சியில் தலையிடாது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மலைக்குத் திரும்புவோம். 2019 டிசம்பரில் ஜமுனாமரத்தூர் ஓட்டுப் போட்டபோது, அதே மலையின் மற்ற இரண்டு பக்கங்கள் ஓட்டுப் போடவில்லை. வேலூர் மாவட்டம் அப்போதுதான் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. புதிதாகப் பிரிந்த 9 மாவட்டங்களில் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு ஒன்றியத்தில் உள்ள பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலை ஊராட்சிகளும், திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள மூன்று நாடுகளும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஓட்டுப் போட்டன. ஒரே குடி, ஒரே மலை, ஒரே கதை. பெண் கொடுத்து எடுக்கும் உறவும் இந்த எல்லைகளைத் தாண்டியே நடக்கிறது. ஓட்டுப் பெட்டி மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்தது.

1989 செப்டம்பர் வரை இந்த மலை முழுவதும் வடஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு மாவட்டம் இரண்டானபோது மலையும் இரண்டானது. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது மூன்றானது. மாவட்டத்தைப் பிரித்தது நிர்வாக வசதிக்காக. அலுவலகம் கிட்டத்தில் வந்ததும் உண்மை. ஆனால் பழங்குடியினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகள் என்றுதான் அதில் இருக்கிறது. இல்லாமல் போன வடஆர்க்காட்டின் பெயரில்தான் இந்த மலை மக்களின் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இதே குடியினர். அவர்களுடைய மாவட்டம் பட்டியலில் இல்லாததால் அவர்கள் பழங்குடியினர் ஆகவில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரத்தம் ஒன்றானாலும் எல்லைக்கல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே உரிமையை முடிவு செய்கிறது.

இதுவரை சொன்னது இளஞ்சிவப்புச் சீட்டின் கதை. சட்டமன்றத் தேர்தலுக்கு வரும்போது காட்சி தலைகீழாகிறது.

ஜமுனாமரத்தூர் இருப்பது கலசபாக்கம் சட்டமன்றத் தொகுதியில். திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி. கலசபாக்கம் பொதுத் தொகுதி. வாக்காளர்களில் பெரும்பாலோர் செய்யாற்றுச் சமவெளியில் இருக்கிறார்கள். 2016-இல் அ.தி.மு.க.வின் பன்னீர்செல்வமும் 2021-இல் தி.மு.க.வின் சரவணனும் இங்கே வென்றார்கள். மலையில் ஒரு நாடு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தாலும் அது சமவெளிக் கணக்கில் கலந்து கரைந்துவிடும். போட்டி நெருக்கமாக இருந்தால் மட்டுமே மலை ஓட்டைத் தேடி வண்டிகள் ஏறி வரும்.

சமவெளியின் கணக்கும் வம்சக் கணக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே வட மாவட்டங்களின் வன்னியர்கள் இரண்டு கட்சிகளாகத் திரண்டு நின்றார்கள். வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. தென்ஆர்க்காடு, சேலம் பக்கம் ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. சென்னை சட்டமன்றத்தில் முன்னதற்கு 6 இடங்கள், பின்னதற்கு 19 இடங்கள் கிடைத்தன. பெரும்பான்மை இல்லாமல் தவித்த காங்கிரசுக்கு அவர்களுடைய ஆதரவு தேவைப்பட்டது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையிலும், ராமசாமி படையாட்சியார் பிறகு காமராஜர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்கள். அக்னி குலத்தில் பிறந்த க்ஷத்திரியர்கள் என்று தங்கள் பிறப்பை வகுத்துக்கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சங்கம் நடத்திய சமூகம், அந்தப் பிறப்புக் கதையைச் சட்டமன்ற இடங்களாக மாற்றிக் காட்டியது.

ஏழு பேரின் கதை அப்படி மாறவில்லை. மலையாளிகளிடம் ஒற்றுமை குறைவு என்று சமவெளியில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஒற்றுமையில் இந்த மக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. குறை தொகுதிகளைப் பிரிக்கும் கோட்டில் இருக்கிறது.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் சுமார் 6.5 லட்சம், மக்கள்தொகையில் 1.04 விழுக்காடு. 234 இடங்களில் அந்த விகிதத்துக்கு 2.4 வரும், எனவே 2 இடங்கள். ஏற்காடும் சேந்தமங்கலமும் அப்படி ஒதுக்கப்பட்டவை. 2008-இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னால் உப்பிலியபுரமும் இருந்தது, அது போய்விட்டது. மக்களவையின் 39 இடங்களில் 1.04 விழுக்காடு ஒரு பாதி இடம்கூடத் தேறாது. அதனால் தமிழ்நாட்டிலிருந்து பழங்குடியினருக்கான மக்களவைத் தொகுதி ஒன்றுகூட இல்லை. எந்தத் தொகுதியை ஒதுக்குவது என்பதற்கு விதி எளிது. பழங்குடியினரின் விகிதம் எங்கே அதிகமோ அங்கே.

இப்போது மாவட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் அதிகம் வாழும் மாவட்டம் சேலம். அடுத்தது திருவண்ணாமலை, ஏறத்தாழ 91,000 பேர். நாமக்கல்லில் ஏறத்தாழ 57,000 பேர்தான். ஆனால் நாமக்கல்லில் உள்ள சேந்தமங்கலத்துக்கு ஒதுக்கீடு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் எந்தத் தொகுதிக்கும் இல்லை. கொல்லிமலை முழுதாக ஒரே தொகுதிக்குள் இருக்கிறது, விகிதம் உயர்ந்து நிற்கிறது. ஜவ்வாது மலையோ மாவட்ட எல்லைகளால் அறுபட்டு, ஒரு துண்டு கலசபாக்கத்திலும் ஒரு துண்டு அணைக்கட்டிலும் மீதி திருப்பத்தூர்ப் பக்கத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. எந்தத் தொகுதியிலும் இந்த மக்கள் பெரிய பங்கு ஆகவில்லை. எண்ணிக்கையில் அதிகம் இருந்தும் சட்டமன்றத்தில் குரல் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

உலகின் மறுகோடியில் இதே போன்ற ஒரு வழக்கு நடந்து முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சான் ஹுவான் கவுண்டி. வடக்கே பிளாண்டிங், மான்டிசெல்லோ ஊர்களில் வாழும் பலர், 1880-இல் பாறை இடுக்கு ஒன்றின் வழியாக வண்டிகளை இறக்கிக்கொண்டு வந்து குடியேறிய மார்மன் சமயத்தாரின் வம்சம். தெற்கே நவஹோ பழங்குடியினர். சமயமும் பிறப்பும் ஒரே கோட்டில் பிரிந்து நின்ற இடம் அது. அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் 1924-இலேயே குடியுரிமை வந்துவிட்டது. ஆனால் ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்பவர்கள் மாநிலத்தின் குடியிருப்பாளர்கள் அல்லர் என்று சொல்லி யூட்டா அவர்களுக்கு ஓட்டு மறுத்து வந்தது. 1957-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. பிறகும் கவுண்டியின் மூன்று ஆணையர் இடங்களில் ஒன்றுக்கு மேல் நவஹோக்களுக்குக் கிடைத்ததில்லை. அவர்கள் மக்கள்தொகையில் பாதியைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் ஒரே வட்டத்துக்குள் அவர்களில் பெரும்பாலோரை அடைத்து, மற்ற இரண்டையும் பழைய குடியேறிகளின் பக்கம் சாய்வாக வைத்திருந்தது வட்டப் பிரிப்பு. 2012-இல் நவஹோ தேசம் வழக்குப் போட்டது. 2016-இல் நீதிமன்றம் அந்தப் பிரிப்பு அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. 2017 டிசம்பரில் புதிய வரைபடம் வந்தது. 2018 தேர்தலில் மூன்றில் இரண்டு இடங்களை நவஹோக்கள் வென்றார்கள். அந்த ஒரே ஆண்டில் யாருடைய வம்சமும் சமயமும் மாறிவிடவில்லை. கோடு மட்டுமே மாறியது. அங்கே அடைத்து ஒடுக்கினார்கள். இங்கே பிரித்துக் கரைத்தார்கள். முறை வேறு, விளைவு ஒன்று.

சமயத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலையின் சாமிகள் பெருமாள், காளி, மாரியம்மன், நடுகல்லாக நிற்கும் வேடியப்பன். கணக்கெடுப்புத் தாளில் பெரும்பாலோர் இந்து. கிறித்தவம் தழுவிய குடும்பங்களும் உண்டு. சமவெளியில் பலரும் அறியாத ஒரு சட்ட உண்மை இங்கே முக்கியம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை சமயத்தைப் பார்க்கிறது. இந்துவாக இருக்க வேண்டும் என்று தொடங்கி, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவரானால் பட்டியல் சாதி என்ற நிலை போய்விடும். அதே ஆண்டின் பட்டியல் பழங்குடிகள் ஆணையில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. மலையாளி ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மலையாளிதான். மாதா கோயிலுக்குப் போகும் குடும்பத்துக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பத்துக்கும் பங்காளி உறவு அறுவதில்லை. ஒதுக்கப்பட்ட பதவிக்கு நிற்கும் தகுதியும் போவதில்லை. அதனால் மலைத் தேர்தலில் சமயம் சமவெளியில் இருப்பது போலத் தனி அணியாகத் திரளவில்லை. ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, வரி யார் கொடுக்கவில்லை என்ற வழியில்தான் அது ஓட்டுக்குள் நுழைகிறது.

வம்ச ஒற்றுமைக்கு இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகும். 2021 அக்டோபர் தேர்தலில், ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மலையாளிகளே பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. ஊர் எதிர்த்தது. ஒரே ஒரு பெண் மனுத் தாக்கல் செய்தார், போட்டியின்றித் தேர்வானார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வானவர் பதவி ஏற்க முடியாமலே ஆண்டுகள் ஓடின. பழங்குடியினர் நிறைந்த மலை ஊராட்சியை ஏன் அப்படி ஒதுக்கினார்கள் என்று கேட்க அந்த மக்களுக்கு உரிமை உண்டு. அது சுழற்சி முறையைப் பற்றிய நியாயமான கேள்வி. ஆனால் தங்களைச் செத்தவர்களாகக் கணக்குத் தீர்த்த காஞ்சிபுரத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சமூகம், தன் மலையில் வாழும் இன்னொரு குடியின் பெண்ணைப் பார்த்து உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது. வம்சம் ஓட்டைச் சேர்க்கும்போது வலிமை. அடுத்தவரை வெளியே தள்ளும்போது அது மலை ஏறி வந்த பழைய சாதியேதான்.

குரல் இல்லாமல் போனதன் விலை என்ன? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை அம்மாநிலத்தின் அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிகளும் இருந்தார்கள். சாமையும் புளியும் தேனும் தரும் மலையில் ஆண்டு முழுக்க வேலை இல்லாததால் கூலிக்குப் போனவர்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைச் சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. இறந்த குழந்தையின் உடலைத் தாய் மலைப்பாதையில் சுமந்து நடந்தார். சாலை கேட்டும் மருத்துவமனை கேட்டும் தேர்தல் புறக்கணிப்பு அறிவிப்பது மலை ஊர்களின் வழக்கமாகிவிட்டது. பிரதிநிதி தங்களுக்கானவர் இல்லை என்று உணர்கிறவர்கள் ஓட்டுப் போடாமல் இருப்பதையே ஆயுதமாக எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் 1996-இல் வந்த, பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டமும் ஜமுனாமரத்தூருக்குப் பொருந்தாது. நாட்டார் கூட்டத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. சட்டமன்றத்தில் மலைக்கென ஓர் இருக்கையும் இல்லை. எஞ்சியிருப்பது அந்த இளஞ்சிவப்புச் சீட்டு மட்டும். அதுவும் 2025 ஜனவரி 5-இல் 2019-இல் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போனது.

மலை முழுவதையும் சேர்த்தாலும் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குத் தேவையான மக்கள்தொகை தேறாது என்பார்கள். சரிதான். 2001 கணக்குப்படி ஒரு தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம் பேர். ஆனால் ஏற்காடு தொகுதியிலும் சேந்தமங்கலத்திலும் சமவெளி ஊர்கள் உண்டு. மலையை உடைக்காமல் அடிவார ஊர்களைச் சேர்ப்பதுதான் அங்கே செய்த ஏற்பாடு. திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே மலை ஒன்றியத்தையும், அதை ஒட்டிப் பழங்குடியினர் வாழும் அடிவார ஊராட்சிகளையும் ஒரே தொகுதியாக வைத்தாலே விகிதம் உயரும்.

2001-ஆம் ஆண்டின் 84-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. அந்தக் கணக்கெடுப்பின் மேல் மறுசீரமைப்பு எப்போது நடந்தாலும், தமிழ்நாடு எத்தனை இடங்களை இழக்கும் என்பதே சென்னையில் பேச்சாக இருக்கும். அது பேசப்பட வேண்டியதுதான். கூடவே மாநிலத்துக்குள் கோடு எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடந்த முறை 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுசீரமைப்பு ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனை கேட்டு, பொது அமர்வு நடத்த வேண்டியிருந்தது. ஆணையத்தோடு உட்காரும் துணை உறுப்பினர்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே. அவர்களில் மலைவாசி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆகவே ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தைப் பெரியவர்களுக்கும் கல்லூரி படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அடுத்த வரைவு வெளிவரும் நாளுக்காகக் காத்திராதீர்கள். இப்போதே நாடு கூடி, ஊர் ஊராகப் பழங்குடியினர் எண்ணிக்கையை எழுதி, மலையை உடைக்காத ஒரு வரைபடத்தைத் தயாராக வையுங்கள். நாயக்கனேரியில் மறுக்கப்பட்டவர்களையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். சமவெளியில் இதைப் படிக்கும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அந்த மனுவை எழுத அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.

(தொடரும்)